பழகிய கை போட்ட ஊசி

டீச்சரின் இடுப்பில் இன்சுலின் பம்ப் ஏறி இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. வீட்டில் அதற்கு இன்னும் ஒழுங்கான பெயர் அமையவில்லை. கணவன் அதை ‘மோட்டார்’ என்கிறான். நாத்தனார் ‘அந்தப் பெட்டி’ என்கிறாள், அதுவும் வேண்டாத விருந்தாளியைச் சொல்கிற தொனியில். டீச்சர் மட்டும்தான் பம்ப் என்று சொல்கிறாள். டாக்டரிடம் வாதாடி, வீட்டில் மல்லுக்கட்டி அதை வாங்கியவள் அவள்தானே.

அந்த மல்லுக்கட்டையெல்லாம் முந்தைய வாரங்களில் பார்த்தாயிற்று. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு நகர்கிறேன், பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். இருபத்துநாலு வயதில் சர்க்கரை நோய் வந்தது. உடம்பு இன்சுலினைச் சுத்தமாகச் சுரக்காத வகை. அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நாலைந்து ஊசி. நாலு மாதத்துக்கு முன்னால் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சர்க்கரை மளமளவென்று இறங்கி, கண் மங்கி, கடைசி நொடியில் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை ஓரமாக நிறுத்தினாள். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் அவளே லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். ‘சிகிச்சையை மாற்றுங்கள், நாலு மாதம் கழித்து அறிக்கை கொடுங்கள், அதுவரை தற்காலிக அனுமதி’ என்றார் அங்கிருந்த மருத்துவ அதிகாரி.

அந்த அனுமதி நாளைக் காலை ஒன்பது மணியோடு முடிகிறது. அறிக்கை அவருக்குத் திருப்தியாக இருந்தால் ஸ்கூல் நடக்கும். இல்லாவிட்டால் பூட்டுதான்.

நாளைக்கு டீச்சருக்குப் பரீட்சை என்றால் இன்றைக்கு அவளுடைய மாணவிக்குப் பரீட்சை. மூன்று தடவை தோற்றுப்போன தையற்காரம்மாவுக்கு நாலாவது டிரைவிங் டெஸ்ட், காலை பத்தரைக்கு.

இனி கதைக்கு வருவோம்.

காலை ஆறு மணி. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவனுக்கு வீட்டிலும் மெக்கானிக் என்றுதான் பெயர். அவன் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். மாதத்தின் முதல் தேதி. முதல் தேதியில் உதிரி பாகங்களைச் சரிபார்ப்பது அவன் தொழில் புத்தி. பம்ப் என்றைக்காவது மக்கர் பண்ணினால் கைவசம் இருக்கட்டும் என்று பழைய ஊசிகளில் சிலவற்றை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். பின்பக்கத்தைத் திருகினால் அளவு வரும், அமுக்கினால் மருந்து இறங்கும். உள்ளே இருப்பது ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற இன்சுலின். அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கெடு தேதியைப் படித்தான்.

அப்போது அவன் போன் அடித்தது. ஆறு மணி ஊசிக்கான அலாரம். இந்தப் பதினேழு நாளும் அதை அமுக்கிவிட்டுப் போனானே தவிர, அழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

“இன்னிக்காவது அந்தம்மா பாஸ் ஆயிடுவாங்களா?” என்று கேட்டான்.

“ரிவர்ஸ்தான் கவலையா இருக்கு. பயந்துட்டா பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலரேட்டரை மிதிக்கிறாங்க. முப்பது வருஷம் தையல் மிஷினை மிதிச்ச கால். என்ன பண்றது?”

“இதுவும் போச்சுன்னா?”

“அடுத்த தேதிக்கு இன்னும் மூணு மாசம் காத்துக் கிடக்கணும். துணி எடுத்துட்டுப் போற வண்டி வேற வாங்கி நிறுத்திட்டாங்க, பாவம்.”

பேச்சு ஒரு பக்கம் நடந்தது, கைவேலை ஒரு பக்கம் நடந்தது. மெக்கானிக் புது ஊசி முனையைத் திருகி மாட்டி டீ டம்ளர் பக்கத்தில் வைத்தான். டீச்சர் எடுத்தாள். பதினெட்டு வரை திருகினாள். சட்டையின் ஓரத்தைத் தூக்கி, பம்பின் குழாய் ஒட்டியிருந்த பக்கத்தை விட்டு மறுபக்கம் குத்தினாள். மனதுக்குள் பத்து எண்ணினாள், உருவினாள், முனையைக் கழற்றி அலமாரியில் இருந்த தகர டப்பாவில் போட்டாள். பிறகு தையற்காரம்மாவின் வண்டி என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டே டீயைக் குடித்தாள்.

இடுப்பில் பம்ப் தன்பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை அது. பல் தேய்த்தோமா இல்லையா என்று யோசிக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்?

அடுத்த அறையிலிருந்து நாத்தனார் வந்தாள். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் அந்தக் காது ஓய்வு பெறவில்லை.

“ஏம்மா, டப்பாவுல என்ன விழுந்துச்சு?”

“எந்த டப்பா அண்ணி?”

“ஊசி டப்பாதான். நேத்துதானே மருந்துக் கடையில கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தேன். இனிமே யாருக்கு ஊசின்னு காலியா கழுவி வச்சேன். இப்ப அதுல டிங்குன்னு ஒரு சத்தம்.”

டீச்சர் மேசையைப் பார்த்தாள். மெக்கானிக்கும் மேசையைப் பார்த்தான். பேனா ஊசி டம்ளர் பக்கத்தில் சாவகாசமாகக் கிடந்தது.

“போட்டியா?” என்றான் அவன்.

“வச்சீங்களா?” என்றாள் அவள்.

இரண்டு கேள்வியும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

விஷயம் சின்னதில்லை. பம்ப் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிற மருந்தின் வேலையைத்தான் இந்தப் பதினெட்டு யூனிட்டும் செய்யும். இப்போது உடம்புக்குள் இரண்டு பேர் ஒரே வேலைக்கு வந்திருக்கிறார்கள். அப்படியே விட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். உள்ளே போனதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

மெக்கானிக் முகம் வெளுத்துவிட்டது. “ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். சாவி எங்க? அக்கா, சாவி எங்க?”

“உட்காருங்க,” என்றாள் டீச்சர். “முதல்ல நர்ஸுக்குப் போன். அவங்க போகச் சொன்னா போவோம்.”

மாணவன் நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டால் அவள் பேசுகிற குரல் அது. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தாலும் அந்தக் குரல் ஏறாது, இறங்காது. அவள் முதலில் தன் கையில் ஒட்டியிருந்த சென்சார் போனுக்கு அனுப்புகிற சர்க்கரை அளவைப் பார்த்தாள். நூற்றி இருபத்தாறு. பிறகு ஆஸ்பத்திரியில் பம்பைப் பழக்கிக் கொடுத்த நர்ஸின் அவசர எண்ணை அழுத்தினாள்.

நர்ஸ் ஒரு தடவைகூட ‘ஐயையோ’ சொல்லவில்லை. எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு, இப்போது எண் என்ன என்று மூன்றே கேள்வி கேட்டாள்.

“சரி, பம்பைக் கழட்டாதீங்க. சாப்பாட்டுக்கு அது வேணும். அடிப்படை அளவை மட்டும் இருபத்திநாலு மணி நேரத்துக்குப் பூஜ்யம் பண்ணுங்க. அந்த வேலையை இன்னிக்கு ஊசி பார்த்துக்கும். ஆனா ராத்திரி பம்ப் கொடுத்தது இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கு, அதனால காலையில நிச்சயம் இறங்கும். ஜூஸ் கையிலயே இருக்கட்டும். அடிக்கடி எண்ணைப் பாருங்க, தனியா இருக்காதீங்க. எழுபதுக்குக் கீழ போய் ஜூஸுக்கும் ஏறலைன்னா நேரா இங்க வந்துடுங்க.”

“வண்டி?”

“இன்னிக்கு ஸ்டியரிங் பக்கமே போகாதீங்க. பக்கத்து சீட்டுலயும் உட்கார வேண்டாம். நாளைக்கு என்கிட்ட பேசிட்டுதான் திரும்ப எல்லாம்.”

டீச்சர் போனை வைத்துவிட்டுப் பம்பை எடுத்தாள். நாலு பொத்தான். அடிப்படை அளவு பூஜ்யம் ஆனது. கட்டைவிரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “நான் அன்னிக்கே சொன்னேன். அந்தப் பெட்டி வந்ததுலேருந்துதான் இந்தக் குழப்பம். பழைய ஊசியோட நிம்மதியா இருந்தோம்.”

“பெட்டி ஒரு தப்பும் பண்ணல அண்ணி. நாங்க ரெண்டு பேரும்தான் பண்ணினோம். பழைய ஊசியில ரெண்டு தடவை போட்டிருந்தா என்ன பண்ணியிருப்போம்? எதையும் நிறுத்தியிருக்க முடியாது. இப்ப பாதியை நிறுத்திட்டேன் பாருங்க.”

நாத்தனார் ஜூஸ் பாட்டில் எடுக்கப் போனாள். நாலு பாட்டிலை ஒரு பையில் வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஐந்தாவதையும் வைத்தாள்.

அடுத்த கேள்வி, தையற்காரம்மா.

“டெஸ்ட்டை விட்டுடு. உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்,” என்றான் மெக்கானிக்.

“டெஸ்ட் அவங்களுக்கு. உடம்பு எனக்கு. நீங்க அரை நாள் லீவு போடுங்க. ஸ்கூல் வண்டியை நீங்க ஓட்டுங்க, நான் பின் சீட்டுல வர்றேன். டெஸ்ட்டுல பக்கத்துல உட்காரப் போறது அதிகாரிதான், நான் இல்லையே.”

“உனக்கு வழியில ஏதாவது ஆச்சுன்னா?”

“வீட்டுல இருந்தாலும் அதே மருந்துதான் உள்ள இருக்கும். அங்க நீங்க கூட இருப்பீங்க. ஆஸ்பத்திரி அந்த மைதானத்துக்கு நேர் எதிர்ல இருக்கு. சொல்லப்போனா வீட்டை விட அதுதான் நல்ல இடம்.”

மெக்கானிக் யோசித்துப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் வந்தது. மனைவி சொல்வது சரியாக இருக்கிற நாட்களில் அவன் காதைச் சொறிவான். சொறிந்துகொண்டே லீவு கேட்கப் போனை எடுத்தான்.

தையற்காரம்மா தன் கடை வாசலில் நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஸ்டியரிங்கில் மெக்கானிக்கையும் பின் சீட்டில் டீச்சரையும் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

“என்ன டீச்சர், நான் ஓட்டிட்டு வர வேணாமா? நீங்க ஏன் பின்னாடி?”

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. “காலையில தப்பா ஒரு மருந்து கூடப் போட்டுட்டேன். இன்னிக்கு எனக்குச் சர்க்கரை இறங்கலாம். அதனால இன்னிக்கு நான் பக்கத்து சீட்டுல உட்கார மாட்டேன். நீங்களும் டெஸ்ட்டுக்கு மட்டும்தான் ஓட்டப் போறீங்க.”

“ஐயோ! அப்ப பயிற்சி ரவுண்டு? உங்க கால் அந்த பிரேக்குல இல்லாம நான் எப்படி…”

“ஏறுங்க. போயிட்டே பேசுவோம்.”

வண்டி கிளம்பியதும் போன் அடித்தது. நாத்தனார்தான். சென்சாரின் எண்களும், ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும் வீட்டில் இருப்பவர்களின் போனிலும் தெரியும்படி செய்யலாம். பதினேழு நாளாக நாத்தனார் அதை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று காலை, யாரிடமும் கேட்காமல், தானே பொத்தானைத் தட்டிச் சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

“நூத்திப் பதினொண்ணு. அம்பு கீழ் நோக்கி இருக்கு,” என்றாள் எக்ஸ்சேஞ்ச் குரலில்.

“எனக்கும் தெரியுது அண்ணி.”

“தெரிஞ்சா தெரியட்டும். நான் லைனை வைக்க மாட்டேன். பையில வச்சுக்கோ.”

அப்படியாக அந்தப் பயணம் முழுவதும் டீச்சரின் பைக்குள்ளிருந்து ஒரு குரல் எண்களை வாசித்துக்கொண்டே வந்தது. தையற்காரம்மா முதலில் பயந்தாள். பிறகு, பதற்றத்தையும் மீறி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டெஸ்ட் மைதானத்தில் ஏற்கெனவே இருபது பேர் இருந்தார்கள். வெள்ளைக் கோடு போட்ட வளைவு, ஒரு மேடு, கடைசியில் நாலு கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் வந்து நிறுத்த வேண்டிய கட்டம். ஒவ்வொரு ஸ்கூல்காரரும் தன் மாணவர்களோடு பயிற்சி ரவுண்டு போய்க்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு தடவை டீச்சர்,” என்றாள் தையற்காரம்மா. “நீங்க சும்மா உட்கார்ந்திருந்தா போதும். இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?”

உண்மைதான். நன்றாகத்தான் இருந்தாள். தொண்ணூற்றெட்டு. தலை தெளிவாக இருந்தது, கை நடுங்கவில்லை. ஐந்து நிமிஷ வேலை. உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. தையற்காரம்மாவின் கண்ணைப் பார்க்க டீச்சருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

“நாலு மாசத்துக்கு முன்னாடி அன்னிக்கும் நல்லாத்தான் இருந்தேன்மா,” என்றாள். “முடியாது. வாங்க இப்படி.”

அவளை ஒரு மரத்தடிக்கு இழுத்துப் போனாள். நாலு ஜூஸ் பாட்டிலைத் தரையில் கம்பம் மாதிரி நிறுத்தினாள். ஒரு செருப்பைக் கழற்றிக் காராக வைத்தாள்.

“மிஷின்ல நேரா தைக்கும்போது கண்ணை எங்க வைப்பீங்க? ஊசி மேலயா?”

“ஊசியைப் பார்த்தா கோணிடும் டீச்சர். துணி ஓரத்தைத்தான் பார்க்கணும்.”

“அதேதான். நீங்க ரிவர்ஸ்ல கம்பத்தையே பார்க்கிறீங்க. கம்பம் ஊசி. கண்ணாடியில தெரியற வெள்ளைக் கோடுதான் துணி ஓரம். அதைப் பாருங்க. அப்புறம், வளைவுல துணியைத் திருப்பும்போது என்ன பண்ணுவீங்க?”

“காலை எடுத்துடுவேன்.”

“ரெண்டு காலையும்?”

தையற்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா. மிஷின்ல காலை எடுத்தா அது நின்னுடும்.”

“கார் நிக்காது. காலை எடுத்தா நகர்ந்துட்டே இருக்கும். அது நகருதேன்னு பயந்துதான் நீங்க கண்டதை மிதிக்கிறீங்க. எடுக்காதீங்க. பிரேக் மேலயே லேசா வச்சிருங்க, அழுத்தாம.”

ஒரு வருஷப் பாடத்தில் இது ஏன் முதலிலேயே பிடிபடவில்லை என்று டீச்சருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பக்கத்து சீட்டில் இருந்தபோதெல்லாம் அவள் கால் முந்திக்கொண்டு பிரேக்கை மிதித்துவிடும். தையற்காரம்மாவின் கால் என்ன செய்கிறது என்று யார் பார்த்தார்கள்? இன்று வெளியே நின்றதால்தான் தெரிந்தது.

செருப்புக் கார் நாலு தடவை பாட்டில்களுக்கு நடுவே ரிவர்ஸில் போனது. ஐந்தாவது தடவை தையற்காரம்மாவே தள்ளினாள்.

பத்தரைக்குத் தையற்காரம்மாவின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அதே நேரம் பம்பும் கூப்பிட்டது. இடுப்பில் இரண்டு முறை அதிர்ந்தது. பைக்குள்ளிருந்து நாத்தனார் குரல் வந்தது.

“எழுபத்தி நாலு! அம்பு செங்குத்தா கீழ! ஏய், கேட்குதா? எழுபத்தி நாலு!”

“கேட்குது அண்ணி.”

நெற்றியில் மெல்லிய வியர்வை. விரல் நுனிகள் லேசாகத் தந்தியடித்தன. டீச்சர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டிலைத் திறந்து குடித்தாள். நேரத்தைப் பார்த்தாள். பதினைந்து நிமிஷம். அதற்குள் எழுந்திருக்கக் கூடாது.

மெக்கானிக் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டான். “ஆஸ்பத்திரிக்குப் போவோம். வா, நான் தூக்கிட்டுப் போறேன்.”

“எழுபதுக்குக் கீழ போகலை. ஜூஸ் வேலை செய்ய நேரம் கொடுங்க. நீங்க போய் அவங்க டெஸ்ட்டைப் பாருங்க.”

“உன்னை விட்டுட்டா?”

“பத்தடி தூரம்தான். இங்கேருந்து எனக்குக் கட்டம் தெரியல. நீங்க அந்தக் கம்பி பக்கத்துல நின்னு சொல்லுங்க. எனக்கு உங்க முதுகு தெரியும், உங்களுக்கு என் குரல் கேட்கும்.”

“நான் இருக்கேன்டா தம்பி, நீ போ,” என்றது பை.

அவன் பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்துக் கம்பியோரம் போனான். பாதி முகம் மைதானத்தின் பக்கம், பாதி முகம் மனைவியின் பக்கம்.

“வளைவு முடிஞ்சுது… மேட்டுல ஏறிட்டாங்க… நிறுத்திட்டாங்க, பின்னாடி வழுக்கல…”

“அறுபத்தொம்பது,” என்றது பை. குரல் மாறியிருந்தது. எக்ஸ்சேஞ்ச் தொனி போய் வெறும் நாத்தனார் பேசினாள். “ஏம்மா. பேசிட்டே இரு. ஏதாவது பேசு.”

“பேசறேன் அண்ணி. ரெண்டாவது பாட்டில் திறக்கறேன். உங்களுக்கு எவ்வளவு முன்யோசனை, அஞ்சு பாட்டில் வச்சிருக்கீங்க.”

“கிண்டல் வேணாம். குடி.”

குடித்தாள். கண் மங்கவில்லை. அவள் தன் பெயரை, வீட்டு எண்ணை, கார் எண்ணை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் இடத்தில் இருந்தன. நாலு மாதத்துக்கு முன் எந்த எண்ணும் இல்லாமல், எந்த எச்சரிக்கையும் இல்லாமல், திடீரென்று விழுந்தாள். இன்று ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். இந்த இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்துக்காகத்தான் பம்பும் சென்சாரும் வேண்டும் என்று மல்லுக்கட்டினாள்.

“ரிவர்ஸ்!” என்றான் மெக்கானிக். அப்புறம் அவனிடமிருந்து சத்தமே இல்லை.

“என்னங்க? என்ன ஆச்சு?”

அவன் திரும்பவில்லை.

“எழுபத்தி ஒண்ணு,” என்றது பை. “அம்பு படுத்துடுச்சு. கேட்குதா? நேராயிடுச்சு!”

“என்னங்க!”

மெக்கானிக் திரும்பினான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தான். அவன் அவ்வளவு பெரிதாகச் சிரித்து டீச்சர் வெகு நாளாகப் பார்க்கவில்லை.

அடுத்த பத்து நிமிஷத்தில் எண் எண்பத்தாறுக்கு வந்தது. தையற்காரம்மா ஓடி வந்தபோது கழுத்து நாடா முதுகுப் பக்கம் பறந்தது. டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“உங்க கால் அங்க இல்லைன்னு தெரிஞ்சதும் என் கால் ஒழுங்கா வேலை செஞ்சுது டீச்சர்.”

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் மெக்கானிக் நீட்டிய பிஸ்கட்டோடு சேர்த்து விழுங்கினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேசையில் டீயும் அந்தப் படிவமும் இருந்தன. நாளைக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கை. டாக்டர் தன் பங்கை மூன்று நாள் முன்பே நிரப்பியிருந்தார். எல்லாம் நன்றாகவே இருந்தது. டீச்சர் நிரப்ப வேண்டிய பக்கத்தில் ஆறு கேள்விகள். ஐந்துக்கு விறுவிறுவென்று பதில் எழுதிவிட்டாள்.

ஆறாவது கேள்வி: ‘கடந்த முப்பது நாட்களில் இன்சுலின் அளவில் தவறு ஏதேனும் நேர்ந்ததா? ஆம் / இல்லை. ஆம் எனில் விளக்கவும்.’

பேனா அங்கே நின்றது. சென்சாரில் நூற்றிப் பதினாறு. அம்பு படுத்திருந்தது.

முதலில் பேசியது நாத்தனார். “தப்பு நடந்தது நம்ம சமையலறையில. ரோட்டுல இல்ல. நீ வண்டியைத் தொடவே இல்லையே. அவங்க கேட்கிறது ரோட்டைப் பத்தி.”

“கேள்வியில ரோடுன்னு இல்லையே அண்ணி.”

“அந்தப் பெட்டிக்கே தெரியாதும்மா நீ ஊசி போட்டது. தையற்காரம்மா வாயைத் திறக்க மாட்டா. நர்ஸ் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறா?”

பம்பை இத்தனை நாள் கரித்துக்கொட்டியவள் இப்போது அதையே சாட்சிக்கு அழைக்கிறாள். டீச்சருக்குக் கோபம் வரவில்லை. அண்ணி தனக்காகப் பேசுகிறாள் என்பது தெரிந்தது.

டீச்சர் கணவனைப் பார்த்தாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

மெக்கானிக் டம்ளரை ஒரு சுற்றுச் சுழற்றி வைத்தான். “கயிறுல ஒரு இழை பிரிஞ்சிருந்தாக்கூட நான் புத்தகத்துல எழுதிடுவேன். எழுதினா லிஃப்டை நிறுத்திடுவாங்க. பத்து மாடி ஜனமும் என்னைத் திட்டும். இருந்தாலும் எழுதுவேன்.”

“அப்புறம் என்ன?”

“நிறுத்தின எல்லா லிஃப்டையும் திரும்ப ஓட விட மாட்டாங்க. அதையும் பார்த்திருக்கேன்.” “நான் வச்ச ஊசிக்கு உன் ஸ்கூலைப் பூட்டிட்டாங்கன்னா, நான் எப்படி உன் முகத்துல முழிப்பேன்?”

பதினைந்து வருஷமாக நடத்துகிற ஸ்கூல். அவளிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் இந்த ஊர் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

“போனா போகட்டும்னு நான் சொல்லலைங்க. போக விட மாட்டேன். நிறுத்தினா அடுத்த மேசைக்குப் போவேன், அதுக்கடுத்த மேசைக்கும் போவேன். பம்பையும், இன்னிக்கு வந்த எல்லா எண்ணையும் எடுத்துக் காட்டுவேன். தப்பு நடந்துச்சு, கண்டுபிடிச்சோம், நிறுத்தினோம், வண்டியைத் தொடலை. இதைவிட நல்ல அறிக்கை எதுங்க? ஆனா ‘இல்லை’ன்னு எழுதிட்டேன்னா, நாளைக்கு அந்த சீட்டுல உட்கார்ந்து ஒருத்தரைப் பார்த்து, கண்ணாடியைப் பார்க்காமலே பார்த்தேன்னு பொய் சொல்லாதீங்கன்னு எப்படிச் சொல்வேன்?”

அவள் ‘ஆம்’ என்பதை வட்டமிட்டாள். விளக்கத்துக்கு இரண்டே வரிதான் இடம் விட்டிருந்தார்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினாள். மணி, யூனிட், நர்ஸ் சொன்னது, ஒவ்வொரு எண்ணும், இரண்டு பாட்டில் ஜூஸ் உட்பட. இனி நடக்காமல் இருக்க என்ன செய்தோம் என்றும் எழுதினாள். அலாரம் அழிக்கப்பட்டது. மாற்று ஊசிகள் நாத்தனாரின் அலமாரியில், அவர் கையால் மட்டுமே எடுக்கப்படும்.

“நான் எழுதினதுல உங்க பேச்சே வரலை,” என்றாள் கணவனிடம். “வச்சது நீங்க. போட்டது நான். பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.”

ஏழாவதாகக் கேள்வி இல்லை, ஒரு கட்டம்தான் இருந்தது. ‘மேற்கண்டவை உண்மை என உறுதி கூறும் உடன் வசிப்பவரின் கையொப்பம்.’

அவள் தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். மெக்கானிக் பின்பக்கம் முழுவதையும் நிதானமாக, லிஃப்ட் புத்தகத்தைப் படிப்பது போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். நாத்தனார் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போட்டான். ஆனால் பேனாவைத் திருப்பித் தரவில்லை. கையெழுத்துக்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே, கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தான்.

‘ஊசியை எடுத்து அவள் முன்னால் வைத்தவன் நான்.’

டீச்சர் அதைப் படித்தாள். அந்த வரியை அடித்துத் திருத்தவில்லை. தாளை மடித்து உறையில் போட்டு, நாக்கு நுனியால் நனைத்து ஒட்டினாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதை அந்த அதிகாரியின் மேசையில் வைக்கும்போது அவன் கூட வரட்டும் என்று முடிவு செய்தாள்.